மலாயா மேடையில் மாமல்லர்கள்



போர்ட்டிக்சன் மாவட்டத்தில் சுவா என்னும் சிற்றூரையும் அதைச் சூழ்ந்த தோட்டங்களையும் உங்களில் பலர் அறிவீர்கள். ஒரு காலத்தில் ரப்பர் மரங்கள் நின்ற அந்த நிலத்தில் இன்று பெரும்பாலும் செம்பனையைக் காண்கிறோம். அங்கே நாம் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில் சில ஆண்டுகளுக்கு முன் ஆறாம் ஆண்டில் ஒரு மாணவன் படித்தான். வயதுக்கு மீறிய உயரம். உயரத்துக்கு ஏற்ற பருமன். பிள்ளைகள் அவனைக் 'கிங்காங்' என்றே அழைத்தார்கள். ஒரு நாள் வகுப்பில், "கிங்காங் என்பவர் யார்?" என்று கேட்டோம். "படத்தில் வரும் பெரிய குரங்கு, சார்" என்று எல்லாரும் ஒரே குரலில் விடை சொன்னார்கள். அந்தப் பெயரில் ஒரு மனிதர் இருந்தார், இந்நாட்டு மேடைகளில் மல்யுத்தம் புரிந்தார் என்பது ஒரு பிள்ளைக்கும் தெரியவில்லை.

அந்த மனிதரைப் பற்றியும், அவரைப் போன்ற பேருடல் படைத்த மல்லர்களைக் காண நம் முன்னோர் ஏன் அத்தனை ஆவல் கொண்டனர் என்பதைப் பற்றியும் இன்று பேசுவோம்.

நம் பாட்டனார் பால்மரம் வெட்டியவர். லயத்து வீட்டின் முன்னறையில், சாமி படங்களுக்குச் சற்றுத் தள்ளி, நாளிதழிலிருந்து கத்தரித்து அட்டையில் ஒட்டிய ஒரு படம் தொங்கிக் கொண்டிருந்தது. தாடியும் மீசையும் பெருந்தொந்தியுமாக ஒரு வெள்ளைக்காரர், இரு கைகளையும் விரித்து நிற்பார். அவர்தாம் கிங்காங். பாட்டனார் இளமையில் சிரம்பானுக்குப் போய், அங்கிருந்து ரயிலேறிக் கோலாலம்பூர் சென்று அவருடைய குஸ்தியைப் பார்த்து வந்தவர். அதற்கு இரண்டு மூன்று நாள் கூலி செலவாயிற்று என்று பாட்டியார் பின்னாளிலும் குறைப்பட்டுக் கொள்வதுண்டு. ஒரு காசையும் எண்ணிச் செலவழித்தவர் இதற்கு மட்டும் ஏன் கணக்குப் பார்க்கவில்லை?

மல்யுத்தம் தமிழருக்குப் புதியதன்று. சோழன் போர்வைக்கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லன் ஒருவனை மற்போரில் வென்றதைச் சாத்தந்தையார் என்னும் புலவர் பாடியுள்ளார். அப்பாடல் புறநானூற்றில் இருக்கிறது. ஏழாம் நூற்றாண்டில் ஆண்ட பல்லவ மன்னன் முதலாம் நரசிம்மவர்மன் 'மாமல்லன்' என்று பெயர் பெற்றான். பெரிய மல்லன் என்பது அதன் பொருள். மாமல்லபுரம் என்னும் ஊர்ப்பெயர் அவனை இன்றும் நினைவூட்டுகிறது. பாரதக் கதையில் பகாசுரனைப் பீமன் கொல்லும் இடம் வந்தால் சிறுவர் முதல் முதியவர் வரை நிமிர்ந்து உட்காருவார்கள். தோட்டத்து எல்லையில் முனியாண்டி பெரிய மீசையோடும் அரிவாளோடும் உயர்ந்து நிற்பதையும் நாம் கண்டு வளர்ந்தோம். ஆகவே பேருருவம் என்பது நமக்கு அச்சத்தையும் காப்பையும் ஒருசேரத் தருவதாக இருந்தது. மேடையில் ஏறிய பெரிய மல்லரை நம் மக்கள் அந்தப் பழகிய கண்களோடுதான் பார்த்தார்கள்.

பெரியவனைச் சிறியவன் எதிர்த்து நிற்கும் காட்சிக்கு வரலாற்றில் சிறந்த சான்று காமா பயில்வான். 1878இல் பஞ்சாபில் பிறந்த அவருடைய இயற்பெயர் குலாம் முகம்மது. உயரம் ஐந்தடி எட்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. ஏறக்குறைய ஏழடி உயரம் கொண்டவராகச் சொல்லப்படும் ரஹீம் பக்ஷ் சுல்தானிவாலாவோடு அவர் இளம் வயதிலேயே மோதினார். அந்தப் போட்டி வெற்றி தோல்வியின்றி முடிந்தது. அதுவே காமாவின் புகழை இந்தியா முழுவதும் பரப்பியது. 1910இல் அவர் இலண்டன் சென்றபோது, உயரம் போதாது என்று போட்டியில் சேர்த்துக்கொள்ள மறுத்தார்கள். எவரானாலும் வரட்டும் என்று அவர் பகிரங்கமாகச் சவால் விட்டு, வந்தவர்களை வீழ்த்திய பிறகே வழி பிறந்தது. செப்டம்பர் 10ஆம் நாள், தம்மைவிடப் பருமனான போலந்து வீரர் ஸ்பிஸ்கோவை எதிர்த்தார். ஸ்பிஸ்கோ இரண்டரை மணி நேரத்துக்கு மேல் தரையைப் பற்றிக்கொண்டு கிடந்து தோல்வியைத் தவிர்த்தார். ஒரு வாரம் கழித்து வைத்த மறுபோட்டிக்கு அவர் வரவேயில்லை. 1928இல் பாட்டியாலாவில் இருவரும் மீண்டும் சந்தித்தபோது ஒரு நிமிடத்துக்குள் காமா வென்றார். வெள்ளைக்காரர் ஆட்சி செய்த காலத்தில் இச்செய்தி இந்தியர் வாழ்ந்த இடங்களில் எல்லாம் எத்தகைய பெருமையை ஊட்டியிருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

இனி நம் பகுதிக்கு வருவோம். சிங்கப்பூரில் 1923இல் நியூ வோர்ல்ட், 1931இல் கிரேட் வோர்ல்ட், 1937இல் ஹேப்பி வோர்ல்ட் என்று மூன்று பெரிய கேளிக்கைப் பூங்காக்கள் தோன்றின. கோலாலம்பூரில் புக்கிட் பிந்தாங் பூங்கா இருந்தது. பங்சாவான் நாடகம், சீனக் கூத்து, ரோங்கெங் ஆட்டம், சினிமா, சூதாட்டக் கடைகள் எல்லாம் ஒரே வளாகத்தில் நடந்தன. சிங்கப்பூர்ப் பூங்காக்களின் அரங்கங்களில் குத்துச்சண்டையும் குஸ்தியும் நடைபெற்றன. மலாய்க்காரர், சீனர், தமிழர், சீக்கியர் என எல்லாரும் சேர்ந்து பார்த்த காட்சிகளில் குஸ்தி ஒன்று. அதைப் புரிந்துகொள்ள மொழி தேவையில்லை. ஒருவன் பெரியவன், ஒருவன் சிறியவன் என்பது கடைசி வரிசையில் நிற்பவனுக்கும் தெரியும்.

அந்த மேடைகளின் பெரும்புள்ளி கிங்காங். அவருடைய இயற்பெயர் எமில் சாயா, ஹங்கேரியர். 1909இல், அன்று ஆஸ்திரிய ஹங்கேரிப் பேரரசைச் சேர்ந்ததும் இன்று ருமேனியாவில் உள்ளதுமான பிராசோவ் நகரில் பிறந்தார். 1933இல் வெளிவந்த அமெரிக்கத் திரைப்படத்தின் மாபெரும் குரங்கின் பெயர் அவருக்கு மேடைப் பெயராயிற்று. எடை சுமார் 180 கிலோ. ஒரு மூட்டை அரிசி 50 கிலோ என்றால், மூன்றரை மூட்டைக்கு மேல் என்று கணக்கிட்டுக் கொள்ளுங்கள். சிங்கப்பூர், மலாயா, இந்தியா என்று நாடு நாடாகச் சென்று மேடையேறினார்.

கிங்காங்கின் பெயரைச் சொன்னால் கூடவே வரும் பெயர் தாராசிங். 1928 நவம்பர் 19இல் பஞ்சாபின் அமிர்தசரஸ் பகுதியில் தர்முசக் என்னும் ஊரில் உழவர் குடும்பத்தில் பிறந்தார். 1947இல் பிழைப்புத் தேடிச் சிங்கப்பூருக்கு வந்து, இரும்புப் பீப்பாய் செய்யும் ஆலையில் வேலைக்கு அமர்ந்தார். பிறகு கிரேட் வோர்ல்ட் அரங்கில் ஹர்னாம் சிங் என்பவரிடம் குஸ்தி பழகினார். கோலாலம்பூரில் தர்லோக் சிங்கை வென்று மலாயாவின் வெற்றி வீரர் பட்டம் பெற்றார். 1950களின் தொடக்கத்தில் இந்தியா திரும்பி, 1954இல் ருஸ்தம் எ ஹிந்த் பட்டத்தையும், 1959இல் கல்கத்தாவில் கனடா வீரர் ஜார்ஜ் கோர்டியங்கோவை வென்று காமன்வெல்த் பட்டத்தையும் பெற்றார். 1968 மே 29இல் பம்பாயில் அமெரிக்கர் லூ தெஸ்ஸை வீழ்த்தினார். இந்திய மேடைகளில் அவர் கிங்காங்கைத் தலைக்கு மேல் தூக்கி எறிந்த கதையைப் பழைய தலைமுறையினர் இன்றும் சொல்வார்கள். தொலைக்காட்சியில் இராமாயணம் பார்த்தவர்களுக்கு அவர் அனுமனாக வந்தது நினைவிருக்கும். 2012 ஜூலை 12இல் மும்பையில் காலமானார்.

இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும். தாராசிங் சிறிய மனிதர் அல்லர். உயரம் ஆறடி இரண்டு அங்குலம். எடை 120 கிலோவுக்கு மேல். பெரட்டுக் களத்தில் வந்து நின்றால் நாம் எல்லாரும் அவருடைய தோளுக்குக் கீழேதான் இருப்போம். ஆனால் கிங்காங்கின் எதிரே நிற்கும்போது அவர் நம்மில் ஒருவராகத் தெரிந்தார். தூரத்து நாட்டில் கூலி வேலைக்கு வந்த இளைஞன், மலைபோன்ற ஒருவனை எதிர்க்கிறான் என்றே மக்கள் கண்டார்கள். இராட்சத மல்லனின் முதல் வேலை இதுதான்: எதிரே நிற்பவனை நம் அளவுக்குக் குறைத்துக் காட்டுவது. அவ்வாறு காட்டிய பிறகு, விழுவது அவனுடைய இரண்டாவது வேலை.

துரையும் கிராணியும் கங்காணியும் மேலே நிற்க, நாள்தோறும் தலைகுனிந்து நிறைபோட்டுப் பால் கொடுத்த மக்கள், பெரியது ஒன்று சாய்வதைக் காணக் காசு கொடுத்தார்கள் என்றால் அதில் வியப்பில்லை. பாட்டனார் அன்று பார்த்ததை நமக்குச் சொல்லும்போது, கிங்காங் விழுந்த இடத்தில் மட்டும் எழுந்து நின்றுதான் சொல்வார். "பலகை அதிர்ந்துச்சுடா பேராண்டி, என் நெஞ்சும் அதிர்ந்துச்சு" என்பார்.

அது உண்மையான சண்டைதானா என்று சிலர் கேட்பர். காமாவின் களம் வேறு. காசுக்கு நடக்கும் மேடைக் குஸ்தி வேறு. இதில் யார் வெல்வது என்பது பெரும்பாலும் முன்கூட்டியே தீர்மானமாகும். 1989இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநிலத்தில், விளையாட்டுத் துறைக் கட்டுப்பாட்டிலிருந்து விலக்குப் பெறுவதற்காக, இது வெறும் கேளிக்கைதான் என்று ஒரு பெரிய குஸ்தி நிறுவனத்தாரே ஒப்புக்கொண்டனர். 180 கிலோ மனிதரை மற்றொருவர் தூக்க வேண்டுமானால், தூக்கப்படுபவரும் துள்ளி உதவ வேண்டும். விழும்போது அடிபடாமல் விழவும் பயின்றிருக்க வேண்டும். அதாவது பெரியவர் தம் பலத்தைக் கொஞ்சம் கடன் கொடுத்தால்தான் மற்றவர் வீரராக முடியும்.

இதை ஒரு முறை பாட்டனாரிடம் சொன்னோம். அவர் கோபிக்கவில்லை. "கூத்திலே பதினெட்டாம் நாள் துரியோதனன் சாகப் போறான்னு உனக்குத் தெரியாதா? தெரிஞ்சும் விடிய விடிய உக்காந்து பாக்கலையா?" என்று கேட்டார். அதற்கு நம்மிடம் பதில் இல்லை.

காலம் மாறியது. நாம் சிறுவராயிருந்த 1980களில் அரங்கத்தின் இடத்தைத் தொலைக்காட்சியும் வாடகை வீடியோ நாடாவும் பிடித்துக்கொண்டன. லயத்தில் பெட்டி வைத்திருந்த ஒரு வீட்டின் முன் இருபது முப்பது பேர் கூடுவோம். அந்நாளைய பேருருவம் ஆந்த்ரே என்னும் பிரெஞ்சுக்காரர். 1946இல் பிறந்தவர், உழவர் வீட்டுப் பிள்ளை. ஏழடி நான்கு அங்குலம் என்று விளம்பரம் செய்தார்கள். இத்தகைய அளவுகளில் இரண்டொரு அங்குலம் கூட்டிச் சொல்வது அத்தொழிலின் வழக்கம். ஓர் ஊரிலேயே நீண்ட நாள் வைத்திருந்தால் மக்களுக்கு வியப்பு மங்கிவிடும் என்று அவரை ஊர் ஊராக அழைத்துச் சென்றார்கள். 1987 மார்ச் 29இல் அமெரிக்காவில் போண்டியாக் நகர அரங்கில் ஹல்க் ஹோகன் அவரைத் தூக்கிப் போட்டார். ஹோகனும் ஆறரை அடி உயரத்துக்காரரே. ஆந்த்ரேயின் முன் அவரும் சிறியவராகத் தெரிந்தார். கிங்காங் தாராசிங்குக்குச் செய்ததை ஆந்த்ரே ஹோகனுக்குச் செய்தார். நாடா ஓடி முடிந்ததும் லயமே ஆர்ப்பரித்தது நமக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அன்று நாம் அறியாத செய்தி ஒன்று உண்டு. ஆந்த்ரேயின் பேருடல் ஒரு நோயின் விளைவு. மூளையின் அடியில் பட்டாணி அளவில் பிட்யூட்டரி என்னும் சுரப்பி இருக்கிறது. வளர்ச்சிக்கான சுரப்புநீரை அது தருகிறது. அதில் கட்டி தோன்றினால் அந்நீர் அளவுக்கு மீறிச் சுரக்கும். எலும்பு வளரும் பருவத்தில் இது நேர்ந்தால் உயரம் மிகும். வளர்ச்சி நின்ற பிறகும் தொடர்ந்தால் கை, கால், தாடை தடிக்கும், மூட்டுகள் வலிக்கும், இதயமும் பெருத்துத் தளரும். ஆந்த்ரே 1986இல் முதுகில் அறுவை செய்துகொண்டவர். மறு ஆண்டு நாம் ஆர்ப்பரித்த அந்த மேடையில், உடைக்குள் முதுகுக்குப் பட்டை கட்டிக்கொண்டுதான் நின்றார். 1993 ஜனவரியில், தந்தையின் இறுதிச் சடங்குக்காகப் பிரான்சு சென்றிருந்தபோது, பாரிஸ் நகரில் தூக்கத்தில் இதயம் நின்று இறந்தார். வயது 46.

பேருடல் மல்லர்கள் பலரின் பிறப்பைப் பார்த்தால் ஓர் ஒற்றுமை தெரிகிறது. இத்தாலியர் பிரிமோ கார்னேரா வறுமையால் சிறு வயதிலேயே பிரான்சுக்குப் பிழைக்கப் போய், தச்சு வேலை பழகி, பின் சர்க்கஸில் பலசாலியாகச் சேர்ந்தவர். 1933இல் குத்துச்சண்டையில் உலக வீரரானார். அவர் ஈட்டிய பணத்தில் பெரும்பகுதியை உடனிருந்த முகவர்கள் விழுங்கிவிட்டனர். பிற்காலத்தில் குஸ்தி மேடையேறித்தான் மீண்டும் சம்பாதித்தார். நம் காலத்தில் 'கிரேட் காளி' என்று புகழ்பெற்ற தலீப் சிங் ராணா 1972இல் இமாச்சலப் பிரதேசத்து மலைக் கிராமத்தில் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவர். சாலைப் பணியில் கல்லுடைத்துக் கூலி வாங்கியவர். பிறகு பஞ்சாப் காவல்துறையில் இடம் கிடைத்தது. 2007இல் அமெரிக்க மேடையில் உலகப் பட்டம் பெற்றார். அவருக்கும் அதே சுரப்பியில் கட்டி இருந்தது. 2012இல் அறுவை செய்து அகற்றினார்கள். அவருக்குக் கிடைத்த மருத்துவம் ஆந்த்ரேயின் இளமையில் எளிதில் கிடைக்கக்கூடியதாக இல்லை.

ஆக, நாம் மலை என்றும் அரக்கன் என்றும் பார்த்தவர்களில் பலர் கூலி வீட்டிலும் உழவர் வீட்டிலும் பிறந்தவர்கள். நம்மிடம் கத்தியும் வாளியும் இருந்தன. அவர்களிடம் உடல் இருந்தது. சிறியவன் வெல்வதைப் பார்த்து மகிழ்ந்தபோது, விழுந்தவனும் அன்றைய கூலிக்காக விழுந்தவன்தான் என்பதை நாம் எண்ணிப் பார்க்கவில்லை.

கிங்காங்கின் முடிவும் இந்தப் பகுதியிலேயே நேர்ந்தது. 1970இல் ஜொகூரில் நிகழ்ந்த சாலை விபத்தில் பலத்த காயமடைந்த அவர், அதே ஆண்டு சிங்கப்பூரில் உயிர் துறந்தார். செய்தி வந்த அன்று மாலை பாட்டனார் அந்தப் படத்தைக் கீழே இறக்கித் துடைத்தாராம். "எத்தனை பேரைத் தூக்கிப் போட்டவன், அவனை ஒரு காரு தூக்கிப் போட்டுடுச்சே" என்று சொல்லிவிட்டு மறுபடியும் அதே ஆணியில் மாட்டினார் என்று தந்தையார் சொல்வார். தோற்பதைப் பார்க்கக் காசு கொடுத்த மனிதரே, அவருக்காக அன்று இரவு சாப்பிடவில்லை. நம் முன்னோர் அந்தப் பேருருவத்தின் மேல் வைத்திருந்தது அச்சமோ பகையோ மட்டுமன்று என்பதற்கு இதைவிட வேறு சான்று வேண்டாம்.

நேயர்களே, தொடக்கத்தில் சொன்ன மாணவனை மறந்திருக்க மாட்டீர்கள். ஒரு நாள் இடைவேளையில் பிள்ளைகள் அவனைச் சுற்றி நின்று, "கிங்காங்கைத் தூக்குவோம்" என்று குஸ்தி விளையாடினார்கள். தூக்க முயன்ற சிறுவன் கீழே அகப்பட்டுத் தோள்பட்டை எலும்பு முறிந்தது. மேடையில் விழுவதற்குப் பயிற்சி உண்டு என்பது பிள்ளைகளுக்குத் தெரியாது. அதை அதுவரை நாமும் சொல்லிக் கொடுக்கவில்லை. எல்லாரும் பெரிய உடல்காரனைத்தான் திட்டினார்கள். அவன் சுவரோரம் நின்று அழுதான். "நான் சும்மாதான் சார் நின்னேன். அவங்கதான் தூக்குனாங்க" என்றான்.

அப்போதுதான் நம் தவறு நமக்குப் புரிந்தது. மேசை நாற்காலி நகர்த்த வேண்டுமா, தண்ணீர்க் குடம் தூக்க வேண்டுமா, கூப்பிடு அவனை என்று ஆண்டு முழுவதும் நாமே செய்து வந்தோம். வகுப்பில் அவனை எழுப்பிக் கேள்வி கேட்டது மிகக் குறைவு. அவனுடைய வீட்டாரும், இந்த உடம்புக்குச் செம்பனைக் குலை வெட்டப் போனால் நன்றாகச் சம்பாதிப்பான் என்று பெருமையாகவே சொல்வார்கள். பன்னிரண்டு வயதுப் பிள்ளையை எல்லாரும் சேர்ந்து எடை போட்டு வைத்திருந்தோம்.

மறு வாரத்திலிருந்து அவனை முதல் வரிசைக்கு மாற்றினோம். பின்னால் இருப்பவர்களுக்குக் கரும்பலகை மறைந்தது. அவர்களை விலகி உட்காரச் சொன்னோம். அவனுக்குக் கணக்கு வரும் என்பது அதன் பிறகே தெரிந்தது. கிங்காங்கின் வரலாற்றையும் அந்த வகுப்புக்குச் சொன்னோம். பட்டப்பெயரை முற்றிலும் ஒழிக்க முடியவில்லை. ஆனால் அந்தப் பெயரைச் சொன்னபோது அவன் தலைகுனிவது நின்றது.

பேருடல் படைத்த மல்லர்களை இன்றும் தொலைக்காட்சியிலும் கைப்பேசியிலும் பிள்ளைகள் பார்க்கிறார்கள். பார்க்கட்டும். கூத்துப் பார்ப்பதுபோல் பார்த்து மகிழட்டும். அருகில் பெரியவர்கள் உட்கார்ந்து, இவர் விழப் பழகியவர், நீ பழகாதவன் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். உங்கள் வீட்டிலோ அண்டை வீட்டிலோ வயதுக்கு மீறி வளரும் பிள்ளை இருந்தால் ஒரு முறை மருத்துவரிடம் காட்டுங்கள். பெரும்பாலும் கவலைக்கு இடமிராது. அதன் பிறகு அப்பிள்ளையைக் கூப்பிட்டு, எவ்வளவு தூக்குவாய் என்று கேட்பதற்கு முன்னால், இன்று பள்ளியில் என்ன படித்தாய் என்று கேளுங்கள்.